பாட்டியின் தேசிய தினம் ஏன் ஜூன் மாதத்தில் வருகிறது?

ஆகஸ்ட் நெருங்கும்போது சிங்கப்பூரில் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் வருவதுண்டு. தாத்தா பாட்டி சிறுவயதில் தேசிய தினத்தை எப்படிக் கொண்டாடினார்கள் என்று கேட்டு எழுதிவர வேண்டும். பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்ததும் சிக்கல் தொடங்கிவிடும். பாட்டி ஜூன் மாதம் என்பார். தாத்தா, "ஆகஸ்ட் 31தானே, மெர்டேக்கா என்று கத்தினோமே" என்பார் (மலாயில் 'மெர்டேக்கா' என்றால் விடுதலை). மலேசியாவிலிருந்து மணமாகி வந்த அத்தைக்கு அவருடைய தோட்டத்துப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும். நடுவில் அம்மா புகுந்து, "அதெல்லாம் இல்லை, ஆகஸ்ட் 9 என்று எழுது" என்று முடித்துவைப்பார். பிள்ளையும் அப்படியே எழுதும். ஆசிரியரும் சரி போட்டுவிடுவார்.

பெரும்பாலும் பாட்டி சொன்னதும் சரி, தாத்தா சொன்னதும் சரி. சிங்கப்பூரில் 6 ஆண்டுகளுக்குள் கொண்டாட்ட நாள் பல முறை மாறியது. 1950களின் தொடக்கத்தில் பிறந்தவர் தம் பள்ளிப் பருவத்துக்குள்ளேயே அத்தனை மாற்றத்தையும் பார்த்துவிட்டார். அந்த வரலாறு தெரியாமல் கேட்பவருக்கு அவருடைய நினைவு மறதியாகத் தெரிகிறது. தெரிந்து கேட்டால், அதே நினைவு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம். எப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் தேதிகள்

1. ஜூன் 3. 1959 மே 30 பொதுத் தேர்தலில் மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43ஐ வென்றது. ஜூன் 3ஆம் தேதி புதிய அரசமைப்பு நடப்புக்கு வந்து, சிங்கப்பூர் உள்நாட்டுத் தன்னாட்சி பெற்றது. தற்காப்பும் வெளியுறவும் இன்னும் பிரிட்டன் கையில்தான். ஆனாலும் அந்த நாளே தேசிய தினமாக 1960 முதல் 1963 வரை கொண்டாடப்பட்டது. பாட்டியின் ஜூன் மாதம் இதுதான்.

2. டிசம்பர் 3. தன்னாட்சி கிடைத்த அதே 1959இல், டிசம்பர் 3ஆம் தேதி நகர மண்டபப் படிகளில் யூசோஃப் இஷாக் நாட்டின் தலைவராகப் பதவியேற்றார். கொடி, சின்னம், நாட்டுப்பண் மூன்றும் அன்றைக்குத்தான் மக்கள் முன் வந்தன. அது தேசிய தினம் இல்லை. ஆனால் ஒரு வாரம் நீண்ட அந்த விழாவில்தான் அந்தக் காலப் பிள்ளைகள் சிவப்பு வெள்ளைக் கொடியை முதன்முதலில் பார்த்தார்கள். எனவே 'முதல் கொடி' நினைவு சிலருக்கு ஆண்டுக் கடைசியில் போய் நிற்கும்.

3. ஆகஸ்ட் 31. மலாயா 1957 ஆகஸ்ட் 31இல் சுதந்திரம் பெற்றது. அதில் சிங்கப்பூர் இல்லை. சிங்கப்பூரும் சாபாவும் சரவாக்கும் சேர்ந்த மலேசியா 1963இல் அதே தேதியில் பிறப்பதாக இருந்தது. சாபா, சரவாக் மக்களின் விருப்பத்தை அறிய ஐக்கிய நாட்டுச் சபைக் குழு வந்ததால் அது செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. ஆனால் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூ காத்திருக்கவில்லை. குறித்த தேதியிலேயே, நகர மண்டபத்துக்கு எதிரே உள்ள பாடாங் திடலில் கூடிய கூட்டத்தின் முன், சிங்கப்பூரின் சுதந்திரத்தைத் தாமாகவே அறிவித்தார். பிரிட்டிஷார் அதை ரசிக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1964இல், சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலம். ஆகவே ஆகஸ்ட் 31 முறைப்படியே தேசிய தினமாயிற்று. தாத்தாவின் மெர்டேக்கா இந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம்.

4. செப்டம்பர் 16. 1963இல் மலேசியா உண்மையில் பிறந்த நாள். லீ குவான் இயூவின் 40ஆவது பிறந்த நாளும் அன்றுதான். இதைச் சொல்பவர்கள் குறைவு. ஏனென்றால் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு இது ஒரே ஒரு முறை நடந்த விழா.

5. ஆகஸ்ட் 9. 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்த தேதி. 1966 முதல் இன்றுவரை இதுவே தேசிய தினம்.

ஆக, 1952இல் பிறந்த ஒரு சிறுமி 8 வயதில் ஜூன் 3ஐயும், 12 வயதில் ஆகஸ்ட் 31ஐயும், 14 வயதில் ஆகஸ்ட் 9ஐயும் கொண்டாடியிருப்பாள். அம்மாவுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அவர் பிறந்தபோது எல்லாம் முடிந்து ஒரே தேதி நிலைத்துவிட்டது.

தமிழ் வீட்டில் கூடுதலாகச் சில தேதிகள்

சீன, மலாய்க் குடும்பங்களிலும் மேற்சொன்ன குழப்பம் உண்டு. தமிழ்க் குடும்பங்களில் அதன்மேல் இன்னோர் அடுக்கு ஏறியிருக்கிறது.

போருக்கு முன்பும் போர்க்காலத்திலும் இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குச் 'சுதந்திரம்' என்றால் இந்தியச் சுதந்திரம். 1943 ஜூலை 5ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தைப் பார்வையிட்டது இதே பாடாங்கில். அக்டோபர் 21ஆம் தேதி சுதந்திர இந்தியாவின் இடைக்கால அரசை அவர் அறிவித்தது கேத்தே கட்டடத்தில். சிறுவர்களுக்கென்று பாலக் சேனா என்ற அணிகூட இருந்தது. இந்தியக் காங்கிரஸ் 1930 முதல் ஜனவரி 26ஐச் சுதந்திர நாளாகக் கடைப்பிடித்து வந்ததால், அந்தத் தலைமுறையின் சுதந்திர தினம் ஜனவரியிலும் வரும், 1947க்குப் பிறகு ஆகஸ்ட் 15லும் வரும். 1947இல் சிங்கப்பூர் பிரிட்டிஷ் முடியாட்சிக் காலனி. காலனியில் இருந்துகொண்டே இன்னொரு நாட்டின் விடுதலையைக் கொண்டாடியவர்கள் அவர்கள். ஆகஸ்ட் 9க்கும் 15க்கும் இடையே ஆறே நாள் என்பதால், பல ஆண்டு கழித்துக் கதை சொல்லும்போது இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுவது எளிது. யாழ்ப்பாணத்து வேர் உள்ள வீடுகளில் இலங்கையின் பிப்ரவரி 4ம் சேர்ந்துகொள்ளும்.

இதில் குடியுரிமைக் கணக்கும் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, 'தமிழ் முரசு' நாளிதழின் நிறுவனர் கோ. சாரங்கபாணி தமிழர்களை விண்ணப்பம் போடச் சொல்லித் தூண்டினார். ஊருக்குத் திரும்பிவிடப்போகிறோம் என்று நினைத்திருந்த பல அப்பாக்கள் அப்போதுதான் முடிவெடுத்தார்கள். முடிவெடுத்த வீட்டுப் பிள்ளைக்கு 1960ஆம் ஆண்டு ஜூன் 3 'நம்ம விழா'. முடிவெடுக்காத வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு விடுமுறை. செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகளின் நிலை இன்னும் விநோதமானது. வெளியே நாடு தனியாகிவிட்டது. அப்பா வேலை பார்த்த இடத்திலோ பிரிட்டிஷ் படை 1971 வரை இருந்தது.

பின்னால் வந்தவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பேராக்கிலோ கெடாவிலோ ரப்பர்த் தோட்டத்தில் படித்து இங்கு வந்தவருக்கு ஆகஸ்ட் 31 சிறுவயதுத் தேதி. 1990களுக்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்குச் சட்டையில் குத்திய காகிதக் கொடியும் ஆரஞ்சு மிட்டாயும் ஆகஸ்ட் 15. ஈசூனில் ஒரே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இந்த எல்லா வகையினரும் இருக்கலாம். வீட்டுப்பாடத்தில் கேட்கப்படும் கேள்வியோ எல்லாருக்கும் ஒரே தேதி இருந்ததாக எண்ணிக்கொண்டு கேட்கிறது.

பிரிந்த நாளும் கொண்டாடிய நாளும்

1965 ஆகஸ்ட் 9 ஒரு திங்கட்கிழமை. காலை 10 மணிக்கு வானொலியில் பிரகடனம் வாசிக்கப்பட்டது. அதன் பிறகுதான் லீ குவான் இயூ செய்தியாளர் கூட்டத்தில் பேச்சை நிறுத்திக் கண்ணீர் விட்டார். அணிவகுப்பு இல்லை, விடுமுறை விழா இல்லை. சைனாடவுனில் சிலர் பட்டாசு வெடித்தார்கள். கலவரமும் ஊரடங்கும் கண்ட 1964க்குப் பிறகு, நிம்மதி பட்டவர்களும் இருந்தார்கள், ஜொகூருக்குப் போகும் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் கலங்கியும் போனார்கள். தமிழ்க் குடும்பங்களில் இந்த இரண்டாவது வகை நிறைய.

கொண்டாட்டம் ஓராண்டு கழித்துத்தான் வந்தது. 1966 ஆகஸ்ட் 9ஆம் தேதி காலையில் பாடாங்கில் முதல் அணிவகுப்பு நடந்தது. படையினரோடு மாணவர்களும் தொழிற்சங்கத்தினரும் நடந்தார்கள். முழு நேரப் படை என்று அப்போது பெரிதாக ஏதும் இல்லாததால், வரிசையை நிறைத்தவர்களில் பொதுமக்களும் பள்ளிப் பிள்ளைகளும் கணிசம். இது முக்கியமான செய்தி. 1960களின் பிள்ளைக்குத் தேசிய தினம் என்பது வெயிலில் நின்று, நடந்து, கால் வலித்த நினைவு. இன்றைய பிள்ளைக்கு அது இருக்கையில் உட்கார்ந்து கொடியசைத்த நினைவு.

நினைவின் ஆண்டைக் கண்டுபிடிக்கும் தடயங்கள்

யாரிடமும் "எந்த வருஷம்?" என்று நேராகக் கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் குத்துமதிப்பு. நினைவுக்கு ஆண்டு ஒட்டுவதில்லை. காட்சி, சத்தம், இடம், உடை ஒட்டும். அவற்றை வைத்து ஆண்டுக்குப் போக முடியும்.

1. உறுதிமொழி சொன்னார்களா? சிங்கப்பூரின் தேசியப் பற்றுறுதியை, அப்போதைய வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்னம் 1966 பிப்ரவரியில் எழுதினார். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர் அவர். பள்ளிகளில் பிள்ளைகள் அதைச் சொல்லத் தொடங்கியது 1966 ஆகஸ்ட் 24. முதல் தேசிய தினத்துக்குப் பதினைந்து நாள் கழித்து! எனவே கொடியேற்றி உறுதிமொழி சொல்லித் தேசிய தினம் கொண்டாடினோம் என்று ஒருவர் சொன்னால், அது 1967 அல்லது அதற்குப் பிந்தைய நினைவு. நாட்டுப்பண் மட்டும் என்றால் 1960க்கே போகலாம். ஜுபிர் சயித் 'மாஜுலா சிங்கப்பூரா'வை இயற்றியது 1958இல்.

2. மழையில் நனைந்தார்களா? 1968. பாடாங்கில் கொட்டிய மழையில் அணிவகுப்பு நிற்காமல் நடந்தது. ஊர்வலத்தில் இருந்த பிள்ளைகளும் அப்படியே நின்றார்கள். இந்த ஆண்டை மட்டும் பலர் தவறாமல் சொல்வார்கள். நனைந்த சீருடை அத்தனை எளிதில் மறக்காது போலும். இருந்தாலும் ஓர் எச்சரிக்கை: ஆகஸ்டில் மழை அபூர்வமில்லை. நேரில் நின்றவரா, வானொலியில் கேட்டவரா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

3. டாங்கி வந்ததா, அண்ணன் நடந்தாரா? தேசிய சேவையின் முதல் பிரிவினர் சேர்ந்தது 1967 ஆகஸ்டில். அதற்கு முந்தைய அணிவகுப்பில் கட்டாய சேவை அண்ணன் இருக்க வழியில்லை. கவச வாகனங்கள், அதாவது ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகள், முதன்முதலில் உருண்டு வந்தது 1969இல். நவீன சிங்கப்பூரின் 150ஆம் ஆண்டு என்பதால் அது பெரிய விழா. பிரிட்டிஷ் இளவரசி அலெக்சாண்ட்ராவும் வந்திருந்தார். 'டாங்கியும் வெள்ளைக்கார இளவரசியும்' என்று யாராவது சேர்த்துச் சொன்னால் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

4. காலையா, மாலையா? அணிவகுப்பு முதன்முறை மாலைக்கு மாறியது 1973இல். மாலை அணிவகுப்பு நினைவு அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. ஆனால் 1960களிலும் மாலையில் கலைநிகழ்ச்சிகள் உண்டு. ஆகவே கேட்க வேண்டியது அணிவகுப்பு எப்போது என்று, விழா எப்போது என்று அல்ல.

5. எங்கே நடந்தது? இதுதான் ஆகப் பெரிய தடயம். 1966 முதல் 1974 வரை பாடாங். 1975இல் அணிவகுப்பு ஒரே இடத்தில் நடக்காமல் தீவின் பல பகுதிகளுக்குப் பிரிந்து போனது. 1976இல் காலாங்கில் இருந்த பழைய தேசிய விளையாட்டரங்கம் முதன்முறை அணிவகுப்பைப் பார்த்தது. அதன்பின் 1983 வரை சில ஆண்டு அரங்கில், சில ஆண்டு மீண்டும் பாடாங்கில், சில ஆண்டு வட்டாரங்களில். தோ பாயோவிலோ குவீன்ஸ்டவுனிலோ, "எங்கள் புளோக்குக்கு எதிரே உள்ள திடலில் நடந்தது" என்று சொல்பவரைப் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பலாம். அந்த எட்டொன்பது ஆண்டுக்குள் வளர்ந்தவராக இருப்பார். இன்னொரு வாய்ப்பும் உண்டு: 1960களில் பாடாங்கிலிருந்து புறப்பட்ட ஊர்வலம் நகரத் தெருக்களில் நடந்து சென்றது. 'வீட்டு வாசலில் போனது' என்பது அதுவாகவும் இருக்கும். பழைய அரங்கின் கடைசி அணிவகுப்பு 2006இல். மரினா பே மிதக்கும் மேடை 2007இல் தொடங்கியது.

6. என்ன பாட்டு? தேசிய தினத்துக்கென்று பாட்டு வெளியிட்டு, நாடு முழுவதும் பாடவைக்கும் வழக்கம் 1984இல் 'ஸ்டாண்ட் அப் ஃபார் சிங்கப்பூர்' பாட்டோடு வேரூன்றியது. கிட் சான் பாடிய 'ஹோம்' 1998. ஆனால் தமிழர் வீட்டில் இந்தத் தடயத்தை எச்சரிக்கையோடு எடுக்க வேண்டும். எஸ். ஜேசுதாசன் இயற்றிய 'முன்னேறு வாலிபா' 1960களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. தமிழ் தெரியாத பிள்ளைகளும் வாய்விட்டுப் பாடிய தமிழ்ப் பாட்டு அது, இன்றும் பாடப்படுகிறது. அந்தப் பாட்டு நினைவிருக்கிறது என்பதால் மட்டும் ஆண்டு தெரியாது. பக்கத்தில் நின்று பாடிய சீனப் பிள்ளையின் பெயர் நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். அதிலிருந்து பள்ளிக்கூடம் வரும், பள்ளிக்கூடத்திலிருந்து வகுப்பு வரும்.

7. பை கிடைத்ததா? அணிவகுப்பு பார்க்கப் போனவர்களுக்குக் கொடியும் தின்பண்டமும் விசிறியும் வைத்துக் கொடுக்கும் பை 1990களின் வழக்கம். தொடக்கநிலை 5 மாணவர்களை அணிவகுப்பின் முன்னோட்டத்துக்கு அழைத்துப்போவது 1997இல் வந்தது. அந்த ஆண்டு தேசியக் கல்வித் திட்டம் தொடங்கியது. கணக்குப் போட்டால், 1986க்கு முன் பிறந்தவருக்கு இந்த அனுபவம் பள்ளி வழியாகக் கிடைத்திருக்காது. அதன் பிறகு இங்கே படித்த பிள்ளைகளுக்கோ இது ஏறக்குறைய எல்லாருக்கும் பொதுவான ஒரே நினைவு.

8. வீட்டுக்கு ஒரு பை கிடைத்ததா? 2015இல் பொன்விழாப் பை ஒவ்வொரு வீட்டுக்கும் உரியதாக இருந்தது. 2020இல் கொவிட்-19 காரணமாகக் கூட்டம் கூட முடியாததால் அப்படிக் கொடுத்தார்கள். 2021இல் நோய்த்தொற்று மீண்டும் ஏறியதால் பெரிய அணிவகுப்பே ஆகஸ்ட் 21க்குத் தள்ளிப்போனது. இன்றைய பிள்ளைகளில் சிலர் நாளை தங்கள் பேரப்பிள்ளைகளிடம் '21ஆம் தேதி நடந்தது' என்று சொல்லி, அவர்கள் நம்பாமல் சிரிக்கக்கூடும்.

எது நினைவு, எது பிறகு சேர்ந்தது?

இதுவரை சொன்னது, நினைவை எளிதில் தவறென்று தள்ளக்கூடாது என்பதற்கான காரணங்கள். தவறும் நடக்கும். ஆனால் அது தேதியில் நடப்பதைவிட வேறோர் இடத்தில் அதிகம் நடக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் உல்ரிக் நைஸர், நிகோல் ஹார்ஷ் இருவரும் 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அந்தச் செய்தியை எங்கே எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று மாணவர்களை எழுதவைத்தார்கள். சில ஆண்டு கழித்து அதே மாணவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். பலருடைய பதில் மாறிவிட்டது. மாறியது தெரியாமலே உறுதியாகச் சொன்னார்கள். வேறு வழியில் கேள்விப்பட்ட பலர், தொலைக்காட்சியில் பார்த்ததாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

இதை 1965க்குப் பொருத்திப் பாருங்கள். சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 பிப்ரவரியில். இரண்டாண்டு கழித்தும் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் பெட்டி கிடையாது. சமூக மன்றத்தில் கூடிப் பார்த்தவர்கள் உண்டு. லீ குவான் இயூ கண்ணீர் விட்ட அந்தக் காட்சியோ பின்னாளில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஒளிபரப்பானது, பாடநூலில் வந்தது, அவர் 2015 மார்ச்சில் மறைந்தபோது நாளெல்லாம் ஓடியது. எனவே "அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன்" என்று 6 வயதில் இருந்த ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. பிற்பாடு நூறு முறை பார்த்த படம், முதல் நாளின் இடத்தில் வந்து அமர்ந்திருக்கலாம். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அன்றைக்கு வீட்டில் யார் அழுதார்கள்? யார் கத்தினார்கள்? யார் எதுவும் பேசவில்லை? இவற்றை எந்தத் தொலைக்காட்சியும் காட்டியதில்லை. ஆகவே இவற்றுக்குக் கிடைக்கும் பதில் சொந்தச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதற்கு நேர்மாறான காரணத்தால், ஜூன் 3 நினைவுகள் எனக்குக் கூடுதல் நம்பகமாகப் படுகின்றன. அந்த நாளை நினைவூட்ட எந்த ஒளிபரப்பும் இல்லை, பாட்டும் இல்லை. அரசாங்கம் மறந்த தேதியை ஒருவர் இத்தனை ஆண்டு சுமந்திருக்கிறார் என்றால், வெளியிலிருந்து வந்து ஒட்டியிருக்க வழி குறைவு.

பதிவில் எது விடுபடுகிறது

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் நேர்காணல்களைச் சேர்த்து வருகிறது. தமிழிலும் பதிவுகள் உள்ளன. தேசிய நூலக வாரியத்தின் 'சிங்கப்பூர் நினைவுத் திட்டம்' 2011இல் பொதுமக்களிடமிருந்து 50 லட்சம் நினைவுகளைத் திரட்டும் இலக்கோடு தொடங்கியது. இவற்றைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் ஆண்டுவிழாவை ஒட்டி நினைவு கேட்கும்போது ஒரு சாய்வு வந்துவிடும். கேள்வியே 'தேசிய தினத்தில் மகிழ்ந்தது என்ன' என்ற தொனியில் இருக்கும். பதிலும் அதற்கேற்ப வரும்.

அதனால் மூன்று வகை நினைவுகள் கழிந்து போகின்றன. ஒன்று, ஆகஸ்ட் 9 அல்லாத தேதிகள். இரண்டு, கொண்டாடாத வீடுகள்: அன்றும் வேலைக்குப் போன அப்பா, குடியுரிமை கிடைக்காத தாத்தா, பிரிவினையால் தங்கை கடற்பாலத்துக்கு அப்பால் தங்கிவிட்ட பெரியம்மா. மூன்று, தமிழ்வழிப் பள்ளிகளின் நினைவுகள். கடைசி வகை அவசரமானது. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. ஒரு பள்ளியின் தேசிய தினம் எப்படி நடந்தது என்பதைச் சொல்ல ஆண்டு மலரும் பழைய மாணவர்களும்தான் உண்டு. பள்ளியே இல்லாதபோது மாணவர்கள் மட்டும்தான் மிச்சம். தேசியப் பற்றுறுதியைத் தமிழில், தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமே நிறைந்த ஒரு வளாகத்தில் சொன்ன கடைசித் தலைமுறை அவர்கள். இன்று தமிழ்ப் பாடவேளை தவிர மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும் பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைக்கு, அப்படி ஒரு காலை இருந்ததே செய்தியாக இருக்கும்.

வீட்டுப்பாடத்துக்கு உட்காரும்போது

பிள்ளைக்கு உதவும் பெற்றோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்:

1. தேதியைக் கடைசியில் கேளுங்கள். "பாட்டி, அன்றைக்கு என்ன உடுத்தியிருந்தீர்கள்? எப்படிப் போனீர்கள்? யார் கூட்டிப் போனார்கள்?" என்று தொடங்கினால் மற்றவை தாமாக வரும்.

2. குறுக்கே திருத்தாதீர்கள். ஒரு முறை "ஆகஸ்ட் 9 இல்லையா?" என்று கேட்டுவிட்டால், பெரும்பாலான பெரியவர்கள் "ஆமாம், அதுதான்" என்று பேரப்பிள்ளைக்காக ஒத்துக்கொள்வார்கள். ஜூன் மாதம் அங்கேயே போய்விடும்.

3. பெரியவர் பிறந்த ஆண்டையும், அப்போது குடும்பம் இருந்த இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பொத்தோங் பாசிரா, தஞ்சோங் பகார் துறைமுகக் குடியிருப்பா, கடற்படைத் தளமா, ஜொகூரா என்பதைப் பொறுத்துத் தேதியே மாறும்.

4. இருவர் சொல்வது ஒன்றுக்கொன்று முரண்பட்டால் இரண்டையும் எழுதவிடுங்கள். தாத்தாவின் ஆகஸ்ட் 31க்குப் பக்கத்தில், 1963 என்றால் சிங்கப்பூர் தானாக அறிவித்த சுதந்திரம், 1964 என்றால் மலேசியாவின் தேசிய தினம் என்று ஒரு வரிக் குறிப்புப் போட்டால் போதும். 1964 என்றால் இன்னொன்றும் கேட்கலாம். ஜூலை 21இல் கலவரம் வெடித்தது, செப்டம்பர் 2இல் மீண்டும் வெடித்தது. இரண்டுக்கும் நடுவில் நடந்தது அந்தக் கொண்டாட்டம். அன்றைக்கு வெளியே போக வீட்டில் விட்டார்களா என்று கேளுங்கள்.

5. ஆசிரியர் தவறென்று கோடு போட்டால், பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திலேயே '1960 முதல் 1963 வரை ஜூன் 3' என்று எழுதி அனுப்புங்கள். இளம் ஆசிரியர்கள் பலருக்கு அது புதுச் செய்தி.